கரோட்டிட் கட்டி: நுண்ணோக்கி சொல்வதும் சொல்லாததும்

மும்பைத் தமிழ் வாசகர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை பாராகாங்லியோமாவைப் பற்றியவை. தாடைக்குக் கீழே, கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் வளரும் அரிய கட்டி இது. செம்பூரில் நோய்க்கூற்றியல் மருத்துவராக இருக்கும் நான் பதில் சொல்கிறேன்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘செல்கருக்கள் ஒழுங்கற்றவை’ என்றிருக்கிறது. புற்றுநோய்தானே டாக்டர்? (தாராவி)

அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்தக் கட்டியின் முதன்மைச் செல்கள் பந்து பந்தாகத் திரண்டிருக்கும். ஒவ்வொரு பந்தையும் மெல்லிய இரத்த நுண்குழாய்கள் சூழ்ந்திருக்கும். செல்கருக்கள் பெரும்பாலும் உருண்டையானவை. நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் பெரிதாகவும் கறுத்தும் கோணல்மாணலாகவும் தெரியும். வேறு கட்டியில் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவேன். இதில் அவை சாதாரணம். கட்டி பரவுமா என்பதைச் செல்லின் தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நிணநீர்க் கணு, எலும்பு என்று இந்தச் செல்கள் இயல்பாக இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால்தான் பரவிவிட்டது என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாடு இந்தக் கட்டிகள் அனைத்துக்கும் பரவும் சாத்தியம் உண்டு என்று கொண்டது. ஆகவே நீண்டகாலக் கண்காணிப்பு தேவை. “நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?” என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களிடம் நான் படும் பாடு கொஞ்சமல்ல.

முதல் பரிசோதனையில் தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய் என்றார்கள், இரண்டாவதில் பாராகாங்லியோமா. யாரை நம்புவது? (மாட்டுங்கா)

சாயங்களை நம்புங்கள். வெறும் தோற்றத்தில் இரண்டும் ஏமாற்றும். குரோமோகிரானின், சைனாப்டோபைசின் என்ற புரதங்களைக் காட்டும் சாயங்கள் இரண்டு கட்டியிலும் ஏறும். அவற்றால் பிரிக்க முடியாது. கால்சிடோனின், கெரட்டின் புரதங்களுக்கான சாயங்கள் ஏறினால் மெடுல்லரி பக்கம். அவை ஏறாமல், செல் பந்துகளின் ஓரத்தில் எஸ்-100 சாயம் ஏறிய மெலிந்த தாங்கு செல்கள் தெரிந்தால் பாராகாங்லியோமா. உங்கள் முதல் ரிப்போர்ட்டில் இந்தச் சாயங்கள் எதுவும் போடப்படவில்லை.

பரிசோதனைக்கு ஊசி போட்டுத் திசு எடுத்தால் பரவிவிடுமா? (முலுண்ட்)

இங்கே பயம் பரவுவதைப் பற்றியதல்ல, இரத்தப்போக்கைப் பற்றியது. கட்டி இன்னதென்று ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா? (டோம்பிவிலி)

மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள். முதலில் அப்பாவின் கட்டியில் எஸ்டிஎச்பி (SDHB) என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டார்களா என்று கேளுங்கள். இந்தக் கட்டி குடும்பத்தில் தொடரக் காரணமாகும் எஸ்டிஎச் (SDH) மரபணுக்களில் கோளாறு இருந்தால் கட்டிச் செல்கள் வெளிறி நிற்கும். அருகிலுள்ள இரத்தக்குழாய்ச் சுவரில் மட்டும் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். அந்தச் சுவரும் வெளிறியிருந்தால் சோதனையே சரியாக நடக்கவில்லை. திரும்பப் போடச் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்றான எஸ்டிஎச்டி (SDHD) மரபணுவில் ஒரு விசித்திரம்: கோளாறு அப்பா வழி வந்தால்தான் பெரும்பாலும் கட்டியாகிறது, அம்மா வழி வந்தால் அநேகமாக ஆவதில்லை. உங்கள் கேள்வியில் ‘அப்பா’ என்றிருப்பதால்தான் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்கு மறுபரிசீலனைக்குக் கொண்டுபோகிறோம். ஸ்லைடு போதுமா? (சயான் கோலிவாடா)

பாரஃபின் பிளாக்கையும், அதாவது திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும், கேட்டு வாங்குங்கள். புதிய சாயம் போட அதிலிருந்துதான் சில மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், அது மெழுகு.