அடுப்பை அணைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வாரம் முழுக்க நிம்மதி என்று ஆரம்பித்தேன். ஆறு லிட்டர் பாத்திரம் நிறைய இறைச்சிக் குழம்பு, தனியாகப் பருப்பு, சோறு. முதல் வாரம் குழம்பில் இருந்த உருளைக்கிழங்கு மணல் மணலாக ஆகிவிட்டது. அடுத்த வாரம் குழம்பே லேசாகப் புளித்த வாடை அடித்தது. ஃப்ரீசரில் இருந்தது எப்படிக் கெடும்? நல்ல டப்பா வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: டப்பாவைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அந்த வாடை. அது ஃப்ரீசரில் வந்ததே இல்லை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் எந்தக் கிருமியும் வளராது (சாகவும் சாகாது, தூங்கும், அவ்வளவுதான்). உங்கள் குழம்பு அந்தக் குளிருக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியிலேயே கெட்டிருக்கிறது. வாடை வந்தது ஒரு வகையில் நல்லதுதான். பல நேரம் அதுகூட வராது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் பெருகுவதற்குத் தோதானது. கொதிக்கவைத்தபோதே எல்லாம் செத்திருக்குமே என்று கேட்பீர்கள். சில வகைகள் வித்துகளாக ஒடுங்கிக் கொதியைத் தாங்கிவிடும், ஆறும்போது விழித்துக்கொள்ளும். இறைச்சிக் குழம்பில் அடிக்கடி வம்பு செய்யும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், 45 டிகிரி வாக்கில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஆறு லிட்டர் பாத்திரத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சந்தேகமாக இருந்தால், அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் கை வைக்கும்படி இருக்கும், மேலே ஆடை கட்டியிருக்கும், ஆறிவிட்டது என்றே தோன்றும். கரண்டியை அடிவரை விட்டு ஒரு கிளறு கிளறுங்கள், குப்பென்று ஆவி கிளம்பும்.

இதைத் தடுக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், அகலமான தட்டுகள் போதும். அடுப்பை அணைத்ததும் குழம்பை இரண்டு மூன்று அகலப் பாத்திரங்களில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றிவிடுங்கள். உணவின் உயரத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும், பாதி அல்ல. அவசரமென்றால் சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் உட்காரவைத்து நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிடலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. குழம்பைக் கெட்டியாகவே இறக்கிவிட்டு, கடைசியில் ஊற்றவேண்டிய தண்ணீருக்குப் பதிலாகக் குடிதண்ணீரில் செய்த ஐஸைப் போடுவேன். கொதிக்கும் நாலரை லிட்டர் குழம்பில் ஒன்றரை கிலோ ஐஸ் கரைந்தால் சூடு சட்டென்று 50 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு தட்டில் பரப்பினால் மீதி வேலை சுலபம்.

முழுக்க ஆறின பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பதுதான் ஆபத்து. ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடவேண்டும், சமையலறை 32 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஃப்ரீசர். இங்கே இன்னொரு சங்கடம் இருக்கிறது. வீட்டு ஃப்ரீசர், உறைந்ததை உறைந்தபடியே வைத்திருக்கத்தான் லாயக்கு. புதிதாக உறையவைக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 கிராம் வரைதான் புதிய உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கும் 50 லிட்டர் அறைக்கு இரண்டு கிலோ. நான் ஒருமுறை ஆசைப்பட்டு எட்டு டப்பாக்களை ஒன்றாகத் திணித்தேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட உறையவில்லை, பக்கத்தில் இருந்த ஐஸ்கிரீம் மட்டும் உருகியிருந்தது.

அதனால் நீங்கள் சமைப்பதில் பாதியை உறையவைக்கவே வேண்டாம். சமைத்த உணவு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாராளமாக இருக்கும். திங்கள், செவ்வாய், புதனுக்கானது ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். வியாழனுக்கும் அதற்குப் பிறகும் வேண்டியது மட்டும் ஃப்ரீசருக்குப் போகட்டும்.

சரி, உருளைக்கிழங்குக்கு வருவோம். அதன் உயிரணுக்களில் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீர் தனியாக, மாவு தனியாக. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், சேதமும் கூடும். கிழங்கில்லாமல் குழம்பை உறையவையுங்கள், சாப்பிடும் அன்று வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தயிரும் பாலாடையும் திரிந்தது போல் ஆகும், அவற்றையும் கடைசியில்தான் சேர்க்கவேண்டும். மற்ற காய்களை முக்கால் வேக்காட்டில் இறக்குங்கள், மீதி வேக்காடு சூடாக்கும்போது நடந்துவிடும். பருப்பும் பயறும் தங்கம், எதுவும் ஆகாது. இறைச்சியைக் குழம்பில் மூழ்கியபடி வைத்தால் காற்றுப் படாது, வறண்டும் போகாது. பூண்டும் கிராம்பும் மிளகும் ஃப்ரீசரில் தூக்கலாகும், உப்பு மங்கும். முதல் மூன்றையும் கை அடக்கிப் போடுங்கள். உப்பைக் கடைசியில் சரிபார்த்தால் போதும்.

சோற்றில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் ஒரு நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வடித்ததும் தட்டில் பரப்பி, ஆவி போனதும் ஒரு வேளைக்கான அளவாகக் கட்டிவிடுங்கள். இரவு முழுக்க வெளியே இருந்த சோற்றை ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

உருகவைப்பது முந்தின இரவே ஃப்ரிட்ஜில் நடக்கட்டும். மறந்துவிட்டால் தண்ணீர் புகாத பையோடு குளிர்ந்த நீரில் போட்டு அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள், உருகியதும் உடனே அடுப்பில் ஏற்றிவிடவேண்டும். மேடைமேல் நாள் முழுக்கப் போட்டுவைப்பது மட்டும் வேண்டாம். சூடாக்கும்போது நடுவிலும் 74 டிகிரி வரவேண்டும், குழம்பென்றால் நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும்.

இப்போது டப்பா. உங்களுக்குத் தேவை டப்பாவே இல்லை என்பேன். ஃப்ரீசருக்கான கனமான ஜிப் பையில் ஒரு வேளைக்கான குழம்பை ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு செ.மீ. கனத்தில் அலுமினியத் தட்டின்மேல் படுக்கவையுங்கள். உறைந்த உணவை வியாபாரமாக்கிய க்ளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1920-களில் பாக்கெட்டுகளைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறையவைத்ததும் இதே கணக்கில்தான். மறுநாள் கல்லாகிவிட்ட பைகளைப் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கிவிடலாம். ஒரு குழந்தைக்கு மட்டும் வேண்டுமென்றால் ஒரு மூலையை உடைத்தும் எடுக்கலாம்.

டப்பாதான் வேண்டுமென்றால் சிறியதாக வாங்கி, மேலே இரண்டு செ.மீ. இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மூடி எகிறிவிடும். எதில் வைத்தாலும் ஊற்றுவதற்கு முன்பே பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள், ஈரப் பைமேல் மார்க்கர் எழுதாது. இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் ருசி குறையாது.