பட்டன் உள்ளே விழுந்த கான்செர்டினா: பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் 20 பட்டன் கொண்ட ஆங்கிலோ கான்செர்டினா (துருத்தியைத் தள்ளியும் இழுத்தும், இரு பக்கப் பட்டன்களை அழுத்தியும் வாசிக்கும் சிறு இசைக்கருவி) ஒன்று வாங்கினேன். விலை குறைந்த வகைதான். இப்போது வலது கைப் பக்கத்தில் ஒரு பட்டன் துளைக்குள் சரிந்து விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு பட்டன்கள் ஆடுகின்றன; அழுத்தினால் சாய்ந்து சிக்கிக்கொள்கின்றன. மற்றவையும் டக் டக்கென்று சத்தம் போடுகின்றன. பழுது பார்ப்பவரிடம் கேட்டால், அவர் சொல்லும் கூலி கருவியின் விலையையே நெருங்குகிறது. நானே பிரித்துப் பார்க்கலாமா? இல்லை, வேறு வாங்கிவிடுவது நல்லதா? சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர்.

பதில்: முதலில் அந்தச் சூப்பர் க்ளூவை எடுத்துத் தூர வையுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது உங்கள் கையாலேயே சரியாகக்கூடியது. பசை போட்டுவிட்டால் அப்புறம் அது கடினமாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். பட்டனை அழுத்தினால் அதோடு இணைந்த லீவர் என்ற நெம்புகோல், காற்றுத் துளையை மூடியிருக்கும் பேட் என்ற சிறு மெத்தையைத் தூக்கும்; அப்போதுதான் ஸ்வரம் வரும். விலை கூடிய கான்செர்டினாவில் பட்டனின் குறுக்கே ஒரு துளை இருக்கும். லீவர் அதற்குள் நுழைந்து போகும். பட்டனின் அடியில் உள்ள சிறு முளை, கீழ்ப்பலகையில் உள்ள குழியில் இறங்கும். மேலே பக்கப் பலகையின் துளை, கீழே அந்தக் குழி என இரண்டு இடத்தில் பிடிமானம் இருப்பதால் பட்டன் நேராக நிற்கும். விலை குறைந்த பல கருவிகளில் கீழே அந்தக் குழி கிடையாது. லீவரின் முனையில் ஒரு சிறு காம்பு இருக்கும். அதையும் பட்டனையும் ஒரு துண்டு ரப்பர் குழாய்தான் இணைக்கிறது. வருடங்கள் போகப் போக அந்த ரப்பர் காய்ந்து, இறுகி, வெடித்துவிடும். அப்போது பட்டன் ஆடும், சாயும், கடைசியில் கழன்று உள்ளே விழும். தேய்ந்தது பட்டனும் அல்ல, லீவரும் அல்ல. நடுவில் இருக்கும் ரப்பர்.

அதை ஏன் ஒட்டக் கூடாது? பட்டன் நேராகக் கீழே இறங்குகிறது. லீவரோ தன் அச்சைச் சுற்றித் திரும்புவதால் அதன் முனை வளைகோட்டில் இறங்குகிறது. இந்த இரண்டு அசைவும் ஒத்துப்போக வேண்டுமானால் இடையில் வளைந்துகொடுக்கும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ரப்பர் அங்கே கீல் போல வேலை செய்கிறது. பசை போட்டு அதை விறைப்பாக்கினால், பட்டன் ஒவ்வொரு அழுத்தலிலும் துளையின் ஓரத்தில் உரசும். முன்பைவிட மோசமாகச் சிக்கும். இப்படி ஒட்டப்பட்ட ஒரு கருவியை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் மூன்று காம்புகள் உடைந்துபோயின. அந்த வேலை என் மனதை விட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழுது பார்ப்பவர் கேட்ட கூலியும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். திறந்து, ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, மறுபடி பொருத்தி மூடும் நேரம் மலிவான கருவிக்கும் விலை கூடிய கருவிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்தக் கருவிக்குக் காசு கொடுத்துச் செய்வது கட்டுப்படியாகாது. உங்கள் ஒரு நாள் நேரத்தைக் கொடுத்துச் செய்வது நிச்சயம் கட்டுப்படியாகும். இப்போதே வேறு வாங்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பக்கப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது, ஒரு அட்டையில் அறுகோணம் வரைந்து அந்தந்த மூலையில் அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத் திரும்ப வேண்டும். மென்மையான மரத்தில் மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பலகையை நேராக மேலே தூக்குங்கள். உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த பட்டனைக் கையோடு எடுத்து வைத்துவிடுங்கள்; அது லீவர்களுக்கு அடியில் உருண்டு மாட்டிக்கொள்ளும்.

பலகை திறந்திருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். சிக்கும் பட்டன்களுக்கு உரிய லீவரை விரலால் மெதுவாக அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் எழுந்து வந்தால் கோளாறு ரப்பரிலோ பலகைத் துளையிலோ இருக்கிறது. அப்போதும் மெதுவாக எழுந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது பக்கத்து லீவரோடு உரசுகிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஸ்பிரிங்கை வளைக்கத் தொடங்குபவர்கள் நிறைய. மெல்லிய கம்பி ஸ்பிரிங்கை இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடிந்தே போகும்.

ரப்பருக்குப் பதிலாக சிலிக்கான் குழாய் வாங்குங்கள். மாதிரி விமானங்களுக்கு எரிபொருள் குழாயாக விற்கப்படுவது, ஆய்வகக் குழாயாக விற்கப்படுவது என மெல்லிய அளவுகளில் கிடைக்கிறது. சைக்கிள் ட்யூபின் வால்வு ரப்பர் அளவு சரியாக இருந்தால் அதுவும் உடனடி உதவிக்கு ஆகும். ஆனால் அது மறுபடியும் காய்ந்துவிடும். சிலிக்கான் அதைவிட நெடுநாள் தாங்கும். மீன் தொட்டிக் காற்றுக் குழாய் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். வாங்கும் முன் காம்பின் விட்டத்தையும் பழைய ரப்பரின் வெளி விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். குழாயின் உள் விட்டம் காம்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். வெளி விட்டம் கூடிவிட்டால் பலகைத் துளையிலோ பக்கத்து லீவரிலோ இடிக்கும்.

நீளத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். குழாய் அரை மில்லிமீட்டர் நீண்டால்கூட, அந்தப் பட்டன் மட்டும் உயர்ந்து நிற்பது விரலுக்குத் தெரியும். குறைந்தால் அழுத்தம் போதாமல் ஸ்வரம் மூச்சுத் திணறும். நன்றாக இருக்கும் ஒரு பழைய துண்டை அளவாக வைத்து, புதிய பிளேடால், எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று பட்டன்களுக்கு மட்டும் மாற்றி மூடிவிட வேண்டாம். எல்லா ரப்பருக்கும் ஒரே வயது. மற்றவையும் வரிசையாக வரப்போகின்றன. இருபதையும் மாற்றிவிடுங்கள். குழாய் காம்பில் ஏற மறுத்தால் ஒரு துளி தண்ணீர் போதும். எண்ணெயோ சோப்போ கூடாது.

லீவர்களை அச்சிலிருந்து கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. இந்த வகைக் கருவிகளில் ஒரே நீளக் கம்பியில் பல லீவர்கள் கோத்திருக்கும். நடுவில் உள்ள ஒன்றை எடுக்க, கம்பியை உருவினால் வழியில் உள்ள எல்லாமே கழன்றுவிடும். அப்படி உருவியே ஆக வேண்டும் என்றால் லீவர்களில் பென்சிலால் எண் போட்டுவிட்டு உருவுங்கள்.

டக் டக் சத்தத்தில் பாதி, ரப்பர் மாறியதும் போய்விடும். மீதிக்கு, லீவர் எங்கே போய் இடிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் மெல்லிய ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) துண்டு ஒன்றை வையுங்கள். தடிமனாக வைத்தால் பேட் போதுமான அளவு திறக்காது, ஸ்வரம் மங்கிப்போகும். பலகைத் துளைகளே அகன்றிருந்தால், உள்விளிம்பில் பியானோ வேலைக்குப் பயன்படும் கம்பளித் துணியைச் சுற்றி ஒட்டலாம். ஆனால் துணிக்கு இடம்விட்டு துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பலகையில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் சத்தத்தோடு வாசித்துவிடலாம்.

மூடுவதுதான் பொறுமையைக் கேட்கும் இடம். பத்துப் பட்டன்களும் பத்துத் துளைகளுக்குள் ஒரே நேரத்தில் போகாது. பலகையைச் சாய்த்துப் பிடித்து ஒரு ஓரத்து வரிசையை முதலில் நுழையுங்கள். பிறகு சாமணத்தால் அடுத்த வரிசையை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே பலகையை இறக்குங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தாமல் நிறுத்திப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டன், ரப்பர், ஃபெல்ட், இவற்றோடு உங்கள் வேலை முடிகிறது. ஒலி எழுப்பும் உலோக நாக்குகளான ரீடுகளைத் தொடாதீர்கள். துருத்தியின் மடிப்புகளிலும் காற்று கசிகிறது, ரீடுகளும் சுருதி விலகியிருக்கின்றன என்றால் பணத்தை அடுத்த கருவிக்குச் சேமியுங்கள். இன்னொன்று: பக்கப் பலகையில் வீட்ஸ்டோன், லாஷனல், ஜெஃப்ரீஸ் என்ற பழைய லண்டன் தயாரிப்பாளர்களின் பெயர்களில் ஏதாவது இருந்தால், நான் இதுவரை சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அது வேறு அமைப்பு. விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் மகள் கற்றுக்கொள்ள ஒரு பழைய கான்செர்டினா வாங்கப் போகிறேன். பட்டன்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று வாங்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு வாசிக்கத் தெரியாது.

பதில்: வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலோ வகையில் ஒரே பட்டன் தள்ளும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது வேறு ஸ்வரமும் தரும். 20 பட்டன் என்றால் 40 ஒலி, 30 பட்டன் என்றால் 60. ஒவ்வொன்றாக, இரண்டு திசையிலும், மெதுவாகக் கேளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

அதற்கு முன், சத்தம் வராமல் பட்டன்களை மட்டும் அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, விட்டதும் துள்ளி எழுகின்றனவா, பக்கவாட்டில் அசைத்தால் எவ்வளவு ஆடுகின்றன? ஒன்றிரண்டு தாழ்ந்து நின்றால் ரப்பர் போயிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

பிறகு எந்தப் பட்டனையும் தொடாமல் துருத்தியைத் தள்ளிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். தள்ளும்போது மட்டும் ஒரு ஸ்வரம் தானாக முனகினால், உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஒரு பேடைத் தூக்குகிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இழுக்கும்போது காற்று பேடைத் துளையோடு ஒட்டவைப்பதால் அந்தக் குறை மறைந்துவிடும். அதனால் இழுத்து மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

அலங்காரத்துக்காக வைத்திருந்த மிகப் பழைய ஜெர்மன் 20 பட்டன் கருவிகள் மலிவாக வரும். அழகாகவும் இருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் தங்கள் தொடக்க நிலைக் கருவியைப் பின்னாளில் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை மேல்நிலைக் கருவியின் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். பழையதை வாங்கும் முன் அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இடது கையில் ஒரு பட்டன் சிக்குகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியைச் சேர்த்து இன்னும் சிக்க வைக்கும். பேடின் தோலில் ஊறும். ரீடு வரை போனால் ஒலியையே கெடுத்துவிடும். உங்களுடையது புதுக் கருவி. உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று ரசீதைப் பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். நீங்கள் திறந்ததாகச் சொல்லியே கோரிக்கையை மறுக்க முடியும். பட்டன் சிக்குவது தெளிவாகத் தெரியும்படி, இரண்டு திசையிலும், ஒரு சிறு வீடியோ எடுத்து, ரசீதின் நகலோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை கருவியைப் பட்டன்கள் தரையில் அழுந்தும்படி வைக்காமல், வாசிக்கும்போது இருப்பதுபோல் படுக்கையாக வையுங்கள்.