கணக்கெடுப்புப் படிவத்தில் சமயத்துக்குத் தனிக் கட்டம்: யாரிடம், எப்போது, எதைக் காட்டிக் கேட்பது?

வாசகர் கேள்வி: நாங்கள் எண்ணிக்கையில் சிறிய ஒரு சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களைப் ‘பிற சமயங்கள்’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த முறை எங்கள் பெயரில் தனிக் கட்டம் இடம்பெற யாரை அணுக வேண்டும்? எப்போது அணுக வேண்டும்? எதைக் காட்டி வாதிட வேண்டும்?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இத்தகைய கோரிக்கைகளில் பெரும்பாலானவை நியாயம் இல்லாததால் அல்ல, காலம் கடந்து வந்ததால்தான் தோற்கின்றன. படிவம் வீட்டு வாசலுக்கு வரும்போது அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருக்கும். அமெரிக்கச் சட்டப்படி, கணக்கெடுப்பு நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எந்தெந்தப் பொருள்கள் பற்றிக் கேட்கப்படும் என்பதையும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேள்விகளையும் நாடாளுமன்றத்திடம் அளித்துவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மார்ச்சில் நடந்த கணக்கெடுப்புக்கு 2015ஆம் ஆண்டிலேயே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2018 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. 2020இல் அதற்கான ஆணை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இந்தியாவில், 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவுறுத்தி அரசிதழில் வெளியிட்ட கேள்விகளையே கணக்கெடுப்பாளர் கேட்க முடியும். அரசிதழில் வந்த பிறகு கொடுக்கும் மனுவால் அந்தச் சுற்றில் பயன் விளைவது அரிது. ஆகவே, ஒரு கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்த கையோடு அடுத்ததற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. கேள்விகளை வடிவமைத்துச் சோதித்துப் பரிந்துரைப்பது புள்ளியியல் அலுவலகம்; இந்தியாவில் உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் தலைமைப் பதிவாளர் அலுவலகம். ஆனால் சமயம், சாதி, இனம் என்று வந்துவிட்டால் முடிவு அரசியல் மட்டத்துக்குப் போய்விடுகிறது. 1931க்குப் பிறகு முழுமையான சாதிக் கணக்கு வெளியிடப்படாத இந்தியாவில், அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகும் என்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்மானித்தது அரசியல் விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுதான். இங்கிலாந்தில் 2001இல் சமயக் கேள்வியைச் சேர்ப்பதற்கே 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்லாதவருக்குத் தண்டனை இல்லை என்பதும் அத்திருத்தத்திலேயே சேர்ந்தது. அமெரிக்காவில் சமய நம்பிக்கையைச் சொல்லுமாறு கணக்கெடுப்பில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே புள்ளியியல் அலுவலகத்துக்கு ஒரு மனு, மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு மனு என்று இரண்டு வழிகளிலும் ஒரே சமயத்தில் செல்ல வேண்டும். நீதிமன்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு முடிவெடுத்த முறையை நீதிமன்றங்கள் ஆராயும். எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கப் பொதுவாக முன்வருவதில்லை.

எதைக் காட்டி வாதிடுவது என்பதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி இருக்க வேண்டும். எங்கள் மரபு தொன்மையானது, எங்களுக்கு அங்கீகாரம் வேண்டும் என்ற வாதம் உண்மையாகவே இருக்கலாம்; அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புள்ளியியல் அலுவலகம் கேட்பது வேறு. இந்த எண்ணிக்கையை யார், எந்த முடிவுக்காகப் பயன்படுத்தப்போகிறார்கள்? இது வேறு வழியில் கிடைக்காதா? உங்கள் சமூகத்தினரே இந்தக் கட்டத்தை ஏற்றுத் தேர்ந்தெடுப்பார்களா? முந்தைய கணக்கெடுப்புகளுடன் ஒப்பிடுவது கெடாதா? இங்கிலாந்துச் சீக்கியர்களின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. சமயக் கேள்வியில் அவர்களுக்கு 2001 முதலே தனிக் கட்டம் உண்டு. அரசு அலுவலகங்கள் இனத் தரவையே மிகுதியாகப் பயன்படுத்துவதால், இனக் கேள்வியிலும் கட்டம் வேண்டும் என்று சீக்கிய அமைப்புகள் 2021 படிவத்துக்காகக் கேட்டன. புள்ளியியல் அலுவலகம் மறுத்துவிட்டது. சமயக் கேள்வியும் இனக் கேள்வியின் எழுதும் இடமும் தேவையான தரவைத் தருகின்றன, இனக் கட்டத்தைச் சமூகத்தினர் எல்லாரும் ஒருமனதாக ஏற்கவில்லை என்பவை அது சொன்ன காரணங்களில் சில. தொடுத்த வழக்கும் வெற்றிபெறவில்லை. அதே 2021 படிவத்தின் இனக் கேள்வியில், ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவருக்குத் தனிக் கட்டம் கிடைத்தது. ஆகவே உங்கள் மனுவில் பள்ளி, மருத்துவம், இடுகாடு, திருமணப் பதிவு, உதவித்தொகை என எந்தத் துறை எந்த எண்ணிக்கை இல்லாமல் தடுமாறுகிறது என்பதை எழுதுங்கள். முடிந்தால் அத்துறையின் கடிதத்தையே இணையுங்கள். உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். இந்தியாவின் 2011 படிவத்தில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என ஆறு சமயங்களுக்கே குறியீட்டு எண் இருந்தது. மற்றவர்கள் தங்கள் சமயத்தின் பெயரைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். அவ்வாறு ‘சர்னா’ என்று எழுதச் செய்த பழங்குடியினர் ஏறத்தாழ 49 லட்சம் பேர். தனி எண் பெற்றிருந்த சமணர்கள் ஏறத்தாழ 44 லட்சம் பேர்தான். சர்னாவுக்குத் தனிக் குறியீடு கேட்டு ஜார்க்கண்ட் சட்டப்பேரவை 2020 நவம்பரில் தீர்மானமே நிறைவேற்றியது. எண்ணிக்கை மட்டும் போதாது என்றாலும், அந்த 49 லட்சம்தான் அக்கோரிக்கையின் முதுகெலும்பு. கட்டம் இல்லாத காலத்திலும் மக்கள் விடாமல் பெயரைச் சொன்னதால் கிடைத்தது அது.

கட்டத்தைப் போலவே, கேள்வியின் சொற்களும் வரிசையும் விடையை மாற்றிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அயர்லாந்தில் 2016 வரை ‘உங்கள் சமயம் எது?’ என்று கேட்டார்கள். ‘சமயம் இல்லை’ என்பது பட்டியலின் இறுதியில் இருந்தது. 2022இல் ‘உங்களுக்குச் சமயம் இருந்தால், அது எது?’ என்ற பொருள்பட மாற்றி, ‘சமயம் இல்லை’ என்பதை முதலில் வைத்தார்கள். அவ்விடையைத் தேர்ந்தவர்கள் சுமார் 10 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் 2016இல் அவ்விடை முதலிடத்துக்கு வந்தபோது 22 சதவீதம் 30 ஆயிற்று. இந்த உயர்வில் எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு வரிசை மாற்றம் என்று பிரிப்பது கடினம். இரண்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. பிறந்த சமயத்தைக் கேட்கிறார்களா, இப்போதைய நம்பிக்கையைக் கேட்கிறார்களா, வழிபாட்டுப் பழக்கத்தைக் கேட்கிறார்களா என்பதைப் பொறுத்து உங்கள் குழுவின் எண்ணிக்கையும் மாறும். ஆகவே கட்டத்தோடு சேர்த்துக் கேள்வியின் வாசகத்தையும் மனுவில் முன்மொழியுங்கள்.

அந்த வாசகத்தை நீங்களே முன்கூட்டிச் சோதித்துப் பாருங்கள். முதியவர்கள், படிக்காதவர்கள், அந்நாட்டின் பொதுமொழி சரளமாகத் தெரியாதவர்கள் எனப் பலரிடம் கேட்டு, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் முதன்முறையாகக் கேட்கப்பட்ட பாலின அடையாளக் கேள்வியைச் சிலர், முக்கியமாக ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்கள், வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அத்தரவின் தகுதிநிலையைப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் குறைத்துக்கொண்டது. அலுவலகமே சோதித்து வெளியிட்ட கேள்விக்கு நேர்ந்தது இது.

தனிக் கட்டம் கிடைக்கும்வரை, ‘பிற’ என்ற இடத்தில் எல்லாரும் ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் செய்யுங்கள். ஒரு குழு உட்பிரிவின் பெயரையும், இன்னொரு குழு குருவின் பெயரையும், மற்றொன்று ஊர் வழக்கையும் எழுதினால், தொகுப்பவர் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பார் என்று உறுதி இல்லை. எழுதிய பெயர் தனிச் சமயமாகவே எண்ணப்படும் என்பதும் நிச்சயமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001இல் ஏறத்தாழ 3,90,000 பேர், ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களில் வரும் கற்பனை வீரர்களின் பெயரான ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள்; அவர்களைச் ‘சமயம் இல்லை’ என்ற தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பெயர் எந்தத் தொகுப்பில் சேர்க்கப்படும் என்பதைக் குறியீட்டுப் பட்டியல் முடிவாகும் முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டில் பதில் சொல்லும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியக் கணக்கெடுப்பாளர்களுக்கு 2011இல் தரப்பட்ட கையேடு, சொல்பவர் சொன்ன சமயத்தை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றும், சமயம் இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும் என்றும் கூறியது. பெயரை வைத்து ஊகித்தோ, குடும்பத் தலைவரின் விடையை எல்லாருக்கும் நிரப்பியோ எழுதியிருந்தால், அங்கேயே திருத்தச் சொல்லலாம். அச்சம் காரணமாகப் பெயரைச் சொல்லத் தயங்குவோரிடம் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்: தனிநபர் பதிவுகளைப் பிறர் பார்வையிட உரிமையில்லை, அச்சட்டத்தின்கீழான குற்ற வழக்குகளைத் தவிர, நீதிமன்றத்தில் அவற்றைச் சாட்சியமாகவும் கொள்ள முடியாது.