வாசகர் கேள்வி – பதில்: தூரம் ஒன்று, பறக்கும் வழி வேறு

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு, வழியில் எங்கும் நிற்காத விமானத்தில் செல்லவிருக்கிறேன். தூரம் 15,300 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் 17 மணி நேரம் போதுமே, பயணச்சீட்டில் 18 மணி நேரத்துக்கும் மேலாகக் குறித்திருப்பது ஏன்?

பதில்: உங்கள் வகுத்தல் கணக்கு சரிதான், ஆனால், அந்த 15,300 கி.மீ. விமானம் பறக்கப்போகும் தூரம் அன்று. பூமியின் மேற்பரப்பில் இரு நகரங்களுக்கும் இடையே சாத்தியமான மிகக் குறைந்த தூரம் அது. பெருவட்டத் தூரம் என்பார்கள். உலக உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக்கையும் தொடாது, அட்லாண்டிக்கையும் தொடாது. சீனா, சைபீரியா வழியாக ஏறி, வட துருவத்தை ஒட்டி மறுபக்கம் இறங்கும். இரு நகரங்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே ஏறத்தாழ 178 பாகை வேறுபாடு இருப்பதே இதற்குக் காரணம்.

விமானமோ, நியூயார்க் செல்லும்போது பெரும்பாலும் பசிபிக் வழியையே எடுக்கிறது. சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்றோட்டம் அங்கே பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்தில் 750 கி.மீ. எரிபொருள் செலவின்றியே கிடைத்துவிடும் என்பதால், சுற்றுவழி என்றாலும் அது லாபமான வழி. திரும்பும்போதும் சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறப்பதால், போய்வரும் பயணி உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்! காற்றின் வலிமைக்கு இன்னொரு சான்று: 5,550 கி.மீ. தொலைவுள்ள நியூயார்க் – லண்டன் வழியில், 2020 பிப்ரவரியில் வீசிய புயற்காற்றின் துணையோடு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்தது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு வழக்கமாக எட்டு மணி நேரம் வரை ஒதுக்குகிறார்கள்.

நாடுகள் வான்வெளியை மூடினாலும் நேரம் கூடும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், 9 மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் 13 மணி நேரமாயிற்று. தவிர, பயணச்சீட்டில் உள்ள நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் வந்து நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

கேள்வி: அதே விமானம் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு அன்றே காலை 6.30க்குச் சேர்வதாகப் பார்த்தேன். ஆறரை மணி நேரத்தில் எப்படி?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் நியூயார்க் 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் சிங்கப்பூருக்குப் பின்தங்கியிருக்கும். ஆறரையோடு அந்தப் பன்னிரண்டைக் கூட்டினால் உண்மையான பயண நேரமான பதினெட்டரை மணி வந்துவிடும். திரும்பும்போது இது தலைகீழாகும்: கோடையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது புதன் அதிகாலை. தங்குமிடமோ அடுத்த விமானமோ பதிவு செய்யுமுன் இந்தத் தேதியைக் கட்டாயம் சரிபாருங்கள்.