குழந்தைகள் மீதான வன்முறையை ஒழிப்பதில் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பது தேவையா?

கேள்வி: குழந்தைகள் மீதான வன்முறையையும் தீங்கான பழக்கவழக்கங்களையும் ஒழிக்கும் திட்டங்களில் பாலினக் கண்ணோட்டம் வேண்டும் என்கிறார்கள். அடிபடுவது ஆணானாலும் பெண்ணானாலும் குழந்தைதானே? எல்லாருக்கும் பொதுவான ஒரு திட்டம் போதாதா?

பதில்: போதும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். குழந்தைப் பாதுகாப்புப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிப் பிள்ளைகள் சந்திக்கும் வன்முறையைக் கேட்டறிவதற்கான படிவம் ஒன்றைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அடி, உதை, பிரம்படி பற்றிய கேள்விகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தேன். பாலியல் துன்புறுத்தல் பற்றிய கேள்விகளை மட்டும் மாணவிகளுக்கு என்று ஒதுக்கினேன். பையன்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், கேட்பவர்களுக்கும் சங்கடம் என்பது என் எண்ணம். தகவல்களைத் தொகுத்து, சிறுவர்களிடையே பாலியல் துன்புறுத்தல் பதிவாகவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். அதைப் படித்த மூத்த பணியாளர் ஒருவர், “பதிவாகவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்த வரியை அன்றே அடித்துவிட்டேன். ஆனால், அப்படி ஒரு படிவத்தை எவ்வளவு இயல்பாகத் தயாரித்தேன் என்பது நெடுநாள் உறுத்தியது.

2024-ஆம் ஆண்டு யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 37 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது எட்டில் ஒருவர், 18 வயது நிறையும் முன்பே வல்லுறவுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். ஆண்களிலும் சிறுவர்களிலும் அந்த எண்ணிக்கை 24 கோடி முதல் 31 கோடி வரை. ஏறத்தாழ பதினொருவரில் ஒருவர். சிறுமிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதும், சிறுவர்களின் துயரம் சிறியதல்ல என்பதும் இந்த எண்களில் ஒருங்கே தெரிகின்றன. நான் தயாரித்த படிவமோ முதல் உண்மையை மட்டும் நம்பி, இரண்டாவதைக் காணாமல் போகச் செய்திருந்தது.

ஆகவே, பாலினக் கண்ணோட்டம் என்பதைப் பெண் குழந்தைகளுக்கு முன்னுரிமை என்று சுருக்கிக்கொள்ள வேண்டாம். வன்முறை யாரிடமிருந்து வருகிறது, எந்த இடத்தில் நிகழ்கிறது, வெளியே சொன்னால் அந்தக் குழந்தைக்கு என்ன நேரும் என்னும் கேள்விகளுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் திட்டமிடுவதுதான் அது. கொலை செய்யப்படும் வளரிளம் பருவத்தினரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிறுவர்கள். அவர்களைக் கொல்வோரிலும் பெரும்பாலோர் ஆண்களே. சிறுமிக்கு நேரும் பாலியல் வன்முறையோ பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்தவர்களிடமிருந்து, பாதுகாப்பானவை என்று கருதப்படும் இடங்களுக்குள்ளேயே வருகிறது. தெருவுக்கு விளக்குப் போட்டுக் காவல் வைக்கும் திட்டம் ஒருவருக்கு உதவும்போது மற்றவரை அதே வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போகும்.

தீங்கான பழக்கவழக்கங்கள் என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தைகளின் உடல்நலத்துக்குக் கேடான மரபுவழிப் பழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்று 24-ஆம் உறுப்பிலேயே சொல்லிவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் குழுவும் குழந்தை உரிமைகள் குழுவும் 2014-இல் சேர்ந்து ஒரே ஆவணத்தை வெளியிட்டன. பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு (மருத்துவத் தேவை ஏதுமின்றிச் சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுப்பது), குழந்தைத் திருமணம், கட்டாயத் திருமணம், கௌரவத்தின் பெயரால் நடக்கும் குற்றங்கள் ஆகியவற்றுக்குப் பாகுபாடே வேர் என்று சொல்லும் அந்த ஆவணம், சிறுவர்களும் இத்தகைய பழக்கங்களுக்குப் பலியாகிறார்கள் என்பதையும் குறிப்பிடுகிறது.

பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு ஆளாகி இன்று வாழ்வோர் உலகில் 23 கோடிக்கு மேல். சிறுமிகளை இதற்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் அவர்களின் தாயோ பாட்டியோதான். அறுப்பவரும் பல சமூகங்களில் ஒரு பெண்ணே. இதைக் கேள்விப்படுகிறவர்கள், “பெண்களே செய்கிறார்கள், இதில் ஆணாதிக்கம் எங்கே வந்தது?” என்று கேட்பதுண்டு. அந்தத் தாய் அறியாமையாலோ வன்மத்தாலோ இதைச் செய்வதில்லை. சிதைப்பு நடக்காத பெண்ணை எந்த வீட்டிலும் மருமகளாக ஏற்கமாட்டார்கள் என்ற ஊரில், மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்தத் தாய் அவளைக் கத்தியிடம் அழைத்துப்போகிறாள். அந்த ஏற்பு மாறாதவரை தாய்க்குச் சொல்லும் அறிவுரை காற்றில்தான் போகும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் 1997-ஆம் ஆண்டு மாலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், டோஸ்டான் என்ற அமைப்பின் வகுப்புகளில் உரிமைகளையும் உடல்நலத்தையும் பற்றிக் கற்ற பிறகு, இந்தப் பழக்கத்தைக் கைவிடுவதாக ஊரறிய அறிவித்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. டெம்பா டியாவாரா என்ற மூத்த இமாம், ஒரு கிராமம் மட்டும் கைவிட்டால் அந்த ஊர்ப் பெண்களுக்கு மணவாழ்க்கை அமையாது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் ஒன்றாக முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, தம் உறவினர் வாழும் கிராமங்களுக்கு நடந்தே சென்று பேசினார். கூட்டு அறிவிப்புகள் அதன் பின்னரே பரவின. சீனாவில் பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தை எதிர்த்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சங்கங்களும் இதே முடிச்சைத்தான் அவிழ்த்தன: மகளின் பாதத்தைக் கட்டமாட்டேன் என்பதோடு, பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு மணமுடிக்கமாட்டேன் என்றும் உறுதி எடுத்தார்கள். அந்த உறுதிமொழியின் இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி நின்றிருக்காது என்பது என் கருத்து.

சட்டம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. செனகலின் அண்டை நாடான காம்பியாவில் பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு 2015-இல் வந்த தடையை நீக்கக் கொண்டுவரப்பட்ட மசோதாவை 2024 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிராகரித்தது. சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் அதைக் காக்கப் போராடவும் முடிந்தது. ஆயினும் சட்டம் மட்டும் தனித்து வரும் இடங்களில், சிதைப்பு ரகசியமாக நடப்பதும், கைக்குழந்தைப் பருவத்துக்கே இறங்குவதும், சட்டமில்லாத பக்கத்து நாட்டுக்குச் சிறுமிகளைக் கூட்டிப்போவதும் நிகழ்கின்றன. சில நாடுகளில் மருத்துவப் பணியாளர்களே ‘சுத்தமாக’ இதைச் செய்து தருகிறார்கள். இதை முன்னேற்றம் என்று வாதிடுபவர்களோடு எனக்குப் பொறுமை குறைவு.

குழந்தைத் திருமணத்தில் வேறொரு சிக்கல் உண்டு. 18 வயதுக்கு முன் மணமாகி இன்று வாழும் பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 64 கோடி. அதே நிலையில் ஆண்களும் சிறுவர்களும் ஏறத்தாழ 11.5 கோடி. தடுப்புத் திட்டங்கள் பெரும்பாலும் கல்யாண நாளோடு முடிந்துவிடுகின்றன. மணமான மறுநாளே அந்தச் சிறுமி எல்லார் கண்ணுக்கும் ‘மனைவி’ ஆகிவிடுகிறாள். பள்ளி அவளைத் தேடுவதில்லை. குழந்தைகளுக்கான உதவி மையம் அவளைப் பெரியவளாக எண்ணுகிறது. பெண்களுக்கான மையம் அவளைச் சிறுமி என்று திருப்பி அனுப்புகிறது. திருமணம் செல்லாது என்று அறிவிப்பது மட்டும் அவளுக்குப் போதாது. அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு, அவள் எங்கே தங்குவாள், மறுபடி எந்த வகுப்பில் சேர்வாள் என்பவற்றுக்கும் விடை வைத்திருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் தானே விரும்பி ஒருவனோடு சென்றால், பாதுகாப்புக்காக எழுதிய சட்டத்தையே அவள் குடும்பம் அவளை மீட்டு அடைக்கும் கருவியாகப் பயன்படுத்துவதும் உண்டு. சட்டம் எழுதுவோர் இந்தச் சங்கடத்தை நேராகப் பார்க்க மறுக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

சிறுவர்களை மறந்த இடங்களும் இதே அளவுக்குக் கவனிக்கத்தக்கவை. சில நாடுகளின் சட்டங்களில் வல்லுறவு என்னும் குற்றத்துக்கு ஆளாகக்கூடியவர் பெண் மட்டுமே. கணவனின் அடியிலிருந்து தப்பி வரும் தாயை ஏற்கும் காப்பகங்களில் சில, அவளுடைய வளர்ந்த மகனை ஏற்பதில்லை. மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு வர மனமில்லாத தாயும் அதே வீட்டில் தங்கிவிடுகிறாள். பெண்களைக் காக்க வகுத்த விதிதான், ஆனால் அது ஒரு பெண்ணையும் ஒரு சிறுவனையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறது.

மனைவியை அடிக்கும் வீட்டில் பிள்ளைகளும் அடிபடுவது பெரும்பாலும் உண்டு என்பதால், இரண்டையும் தனித்தனித் துறைகள் கையாள்வது எனக்கு எப்போதும் விந்தையாகவே படும். ருவாண்டாவில் பண்டேபெரேஹோ என்ற திட்டம், இளம் தந்தையரையும் அவர்களுடைய மனைவியரையும் சிறு குழுக்களாகக் கூட்டி, குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலைப் பகிர்வு, முடிவெடுத்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசவைத்தது. திட்டத்தில் சேர்வோர், சேராதோர் என்று குலுக்கல் போன்ற முறையில் பிரித்துச் செய்யப்பட்ட ஆய்வில், 21 மாதங்களுக்குப் பின் அளந்தபோது, பங்கேற்ற குடும்பங்களில் மனைவி மீதான வன்முறையும் குழந்தைகளை அடிப்பதும் ஒருசேரக் குறைந்திருந்தன. அடிக்காதே என்ற பாடமாக மட்டும் அது அமைந்திருக்கவில்லை. தந்தை என்றால் யார் என்பதைப் பற்றிய பேச்சும் அதில் இருந்தது.

நிதி, பயிற்சி, புள்ளிவிவரம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் வேறு இடங்களில் படித்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் அவற்றைவிட முதலில் கெடுவது படிவம்தான். நாங்கள் மறுமுறை தயாரித்தபோது எல்லாக் கேள்விகளையும் எல்லாரிடமும் கேட்டோம். வாய்விட்டுச் சொல்லத் தயங்குவோர் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று வைத்தோம். கேட்பவர் ஆணாக இருக்க வேண்டுமா பெண்ணாக இருக்க வேண்டுமா என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டோம். சிறுவர்களில் பலர், நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பெண் பணியாளரையே கேட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது கிடைத்த சீட்டுகளில் ஒன்றில், கேள்விக்கு விடை எழுத வேண்டிய இடத்தில், “இதை எங்களிடமும் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாது” என்று எழுதப்பட்டிருந்தது.