பயம் பாதி, அரங்கம் பாதி

மகளை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க நங்கநல்லூரிலிருந்து அவளோடு வந்த அந்தத் தாய், உட்கார்ந்ததும் பையிலிருந்து எடுத்தது தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை. "பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். இவளோ பாட்டு, ஒலி என்று ஏதேதோ சொல்கிறாள். போன மார்கழியில் மேடையிலேயே தொண்டை அடைத்து அழுதவள் இவள்" என்றார். குரல் கம்மியது.

பிளஸ் டூ படிக்கும் அந்தப் பெண், என் அறைக்குள் வந்ததுமே மெல்ல ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். "திரைச்சீலை சத்தத்தை உறிஞ்சிவிடுகிறது" என்றாள். பாடிய சபாக்களையெல்லாம் இப்படித் தட்டிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மதியம் காலி அரங்கில் நின்று ஒலித்த கார்வை, மாலையில் ஆட்கள் நிறைந்ததும் காணாமல் போவது அதில் இருக்கிறது. 1890களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன், சத்தத்தை உறிஞ்சும் இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்தது இதைத்தான்!

அம்மா, உங்களைத் தேற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பாதீர்கள்.

அன்று மேடையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பயத்தில் வாய் உலரும், மூச்சு மேலோட்டமாகும், கழுத்துத் தசை இறுகும். அதோடு மிருதங்கமும் வயலினும் காதை நிறைக்க, தன் குரல் தனக்கே கேட்காவிட்டால், எவரும் தம்மை அறியாமல் குரலை உயர்த்திவிடுவார்கள். இறுகிய தொண்டையை மேலும் அழுத்தினால் சுருதி நிற்குமா? பாடுபவருக்கு மூச்சுப் பயிற்சி தர ஆளுண்டு, ஒலிபெருக்கியைச் சரிசெய்யவும் ஆளுண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் அரிது. இத்தனை சபாக்கள் உள்ள சென்னையில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

அதற்கு நல்ல அடித்தளம் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு. கடைசி ஆண்டுப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுகள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிறது. மைசூரில் இதற்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. குரல் நாண் எப்படி அதிர்கிறது, ஒலியை எப்படி அளப்பது, கெட்டுப்போன குரலை எப்படி மீட்பது என்பதெல்லாம் பாடத்திலேயே வரும். அரங்க ஒலியியலை அவள் தனியாகப் படிக்க வேண்டும். அந்த நோட்டு வைத்திருப்பவளுக்கு அது பாரமில்லை. தன்னிடம் வரும் பாடகர்களின் மேடைப் பயத்துக்கு, பத்துப் பேர் முன்னால் ஒத்திகைக் கச்சேரி வைத்துப் பழக்கும் முறையை அவள் கையாளலாம். பயம் முற்றி உறக்கமும் உணவும் கெட்டவரை உளவியல் நிபுணரிடம் அனுப்பிவிட வேண்டும். மாத்திரை பற்றி மருத்துவர் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் சில ஆண்டுகளுக்குச் சோறு போடப்போவது பாடகர்கள் அல்லர். பேச்சு தாமதப்படும் குழந்தைகளும், காது கேளாத முதியவர்களும்தான் வருவார்கள். அவர்களோடு பொறுமையாக உட்கார அவளுக்குப் பிடிக்குமா என்று ஒரு வாரம் மருத்துவமனைப் பிரிவொன்றில் அனுமதி வாங்கிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லையென்றால் பி.எஸ்சி. இயற்பியல் போதும், பாட்டு தொடரட்டும்.

நகையை அடகு வைத்து எந்தக் கல்லூரி இடத்தையும் வாங்காதீர்கள். நான் சொன்ன படிப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். கட்டணத்தை நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரியப்பாவிடம் அவளையே பேசவிடுங்கள், கையில் அந்த நோட்டோடு.