கரடுமுரடான மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிய அனுபவம் உண்டா? முதன்முறை போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

உண்டு. துணிச்சல்தான் முக்கியம் என்று பலர் சொல்வார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில், சைக்கிள் கெட்டுப்போனால் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்ற கணக்குதான் முதலில் மனத்தில் ஓட வேண்டும்.

டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள். சாலையில் பழகியவர்கள் டயரை விறைப்பாக அடித்து வைப்பார்கள். வேரும் கல்லும் நிறைந்த பாதையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், பிடிமானம் இருக்காது. காற்றைக் குறைத்தால் கல்லின்மேல் படிந்து போகும். ஆனால் ஒரேயடியாகக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். என் எடை 70 கிலோ, 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரில் முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைக்கிறேன். ட்யூப் உள்ள டயரானால் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்று முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும் பிடித்தபடியே இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்சக்கரம் சுழலாமல் இழுபடும். வண்டி வழுக்கும், பாதையையும் அரித்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால், வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. கற்குவியலுக்கு முன்பே இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடித்து, உள்ளே நுழைந்ததும் விட்டுவிடுங்கள். உருளுகிற சக்கரம்தான் கல்லைத் தாண்டும். சீட்டைத் தாழ்த்தி, எழுந்து நின்று, பெடல்கள் இரண்டையும் சம உயரத்தில் வையுங்கள். பார்வை தாண்டவேண்டிய கல்லில் நிற்காமல் அதற்கு அப்பால் போகட்டும்.

(1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய சைக்கிள்களில் மலையிறங்கியவர்களுக்குப் பிரேக் பின்சக்கர மையத்துக்குள் இருந்தது. கீழே வருவதற்குள் உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். புதிதாக அடைத்தால்தான் அடுத்த இறக்கம். டிஸ்க் பிரேக் வைத்திருக்கும் நாம் வாயைத் திறக்கவே கூடாது.)

சமீபத்தில் போனபோது நண்பர் ஒருவருடைய பின் டிரெய்லியர், அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம், பாறையில் மோதியது. அதை ஃப்ரேமோடு பிணைக்கும் ஹேங்கர் முறிந்துவிட்டது. அடிபட்டால் ஃப்ரேம் தப்பட்டும் என்றே அந்தத் துண்டை மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். மாற்று ஹேங்கர் கையில் இல்லை. செயினைப் பிரித்து, டிரெய்லியரை விலக்கி, முன் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் வரும் பின் பல்சக்கரம் ஒன்றில் செயினைச் சுருக்கிப் பூட்டினோம். ஒரே கியர். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் என்பதால் தாக்குப்பிடித்தது. பின்பக்கமும் இருந்தால் அது அசையும்போதெல்லாம் செயின் இறுகித் தளரும். ஏற்றங்களில் மனிதர் தள்ளினார், மற்ற இடங்களில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

ஆகவே செயின் பிரிக்கும் கருவி, பிரித்த செயினைத் திரும்பக் கோக்கும் இணைப்புக் கண்ணி, உங்கள் ஃப்ரேமுக்குரிய ஹேங்கர் ஆகியவை பையில் இருக்கட்டும். ட்யூபும் பம்பும் தண்ணீரும் சொல்லாமலே தெரியும்.

பயமாக இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. நடந்து வருகிறவர்களுக்கும் ஏறி வருகிறவர்களுக்கும் ஒதுங்கி வழிவிடுங்கள். பாதை மழையில் ஊறியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்: ஈரமண்ணில் விழும் டயர் தடம் அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகிவிடும்.